திங்க்பேட் டி440பி-ல க்ரூஷியல் 8ஜிபி டிடிஆர்3எல்: ரேம் ரிவ்யூ, கூடவே பழைய லேப்டாப்புக்கு எத பாத்து வாங்கணும்னு கொஞ்சம்

மொதல்ல ரிசல்ட்ட சொல்லிடறேன், பொறுமை இல்லாதவங்க அதோட கெளம்பிடலாம். லேப்டாப் லெனோவோ திங்க்பேட் டி440பி, 2013ல வந்த மாடல், உள்ள ஐ5-4300எம் ப்ராசஸர், செகண்ட் ஹேண்ட்ல வாங்குனப்போ ஒரே ஒரு 4ஜிபி ரேம் ஸ்டிக் தான் இருந்துச்சு. அத கழட்டிட்டு க்ரூஷியல் 8ஜிபி டிடிஆர்3எல்-1600 (டிடிஆர்3 வகைல கம்மி வோல்ட்ல ஓடறது, 1600ங்கறது ஸ்பீடு) ரெண்டு போட்டேன், பார்ட் நம்பர் சிடி102464பிஎஃப்160பி. மொத தடவையே பூட் ஆயிடுச்சு, பயாஸ்ல (விண்டோஸ், லினக்ஸ் வர்றதுக்கு முன்னாடி ஓடற போர்டு சாஃப்ட்வேர்) 16ஜிபி காட்டுது, ரேம சோதிக்கிற மெம்டெஸ்ட்ட ராத்திரி பூரா ஓட விட்டேன் ஒரு எரர் கூட இல்ல. அஞ்சுக்கு நாலரை குடுப்பேன். அந்த அரை எங்க போச்சுன்னு பின்னாடி வருது.

ரேம் ஸ்டிக்குக்கு ரிவ்யூ எழுதறதுல ஒரு சிக்கல் இருக்கு. ஆன்லைன்ல டிடிஆர்3எல் ரேம் பக்கத்துக்கு போய் ஒன் ஸ்டார் ரிவ்யூவ மட்டும் படிச்சு பாருங்க. "போட்டா ஸ்க்ரீனே வரல", "டெட் பீஸ் அனுப்பிட்டான்", "பீப் சத்தம் மட்டும் வருது", "8ஜிபி போட்டேன் 3 சில்லறை தான் காட்டுது". இதுல நெஜமாவே செத்த ஸ்டிக் சிலது இருக்கும், இல்லன்னு சொல்லல, ஆனா அவங்க லேப்டாப் மாடலயும் கூடவே எழுதியிருந்தாங்கன்னா முக்காவாசி கேஸுக்கு காரணம் அங்கயே புரிஞ்சிடும். கால் அளவு பாக்காம செருப்பு வாங்கிட்டு கடிக்குதுனு செருப்ப திட்டுற கத தான். (அந்த 3 சில்லறை ஆளு 32 பிட் விண்டோஸ் போட்டிருப்பாரு, அது 4ஜிபிக்கு மேல தாண்டாது, ரேம் மேல தப்பே இல்ல.) அதனால ஸ்டிக் நல்லா இருக்கா இல்லையாங்கறத விட எந்த மெஷின்ல எந்த ஸ்டிக் ஒக்காரும்ங்கறத தான் இங்க நெறைய எழுதப் போறேன்.

இந்த காலத்துல எதுக்கு 2013 மெஷினுக்கு செலவு பண்ணணும்னு கேக்கலாம். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சுது, விண்டோஸ் 11 இந்த ப்ராசஸர அபிஷியலா ஏத்துக்காது, இன்டெல்ல 8வது ஜெனரேஷன்ல இருந்து தான் கேக்குது. நான் விண்டோஸுக்கு பதிலா லினக்ஸ் மின்ட் போட்டுட்டேன். மின்ட் தனியா 4ஜிபில சமத்தா ஓடும், அதுக்கு மேல ப்ரவுசர தொறந்தா தான் வெனை. நாலு டேப், ஒரு மீட்டிங், ஒரு பிடிஎஃப், அவ்ளோதான், மவுஸ் நின்னு நின்னு போகும். கீபோர்ட் அருமையா இருக்கு, ப்ராசஸர் இன்னும் தெம்பா இருக்கு, ரேம் ஒண்ணு தான் கொறைங்கறப்போ மெஷினயே தூக்கிப் போட மனசு வரல. ஆனா ஒண்ணு, உள்ள இன்னும் சுத்துற ஹார்ட் டிஸ்க் தான் இருக்குன்னா மொத காச எஸ்எஸ்டில போடுங்க, ரேம் அப்புறம்.

சரி விஷயத்துக்கு வருவோம். டிடிஆர்2, 3, 4ங்கறது ரேமோட தலைமுறை, ஸ்டிக்கோட பின் வரிசைல இருக்கற வெட்டு ஒவ்வொண்ணுக்கும் வேற எடத்துல, ஒண்ணோட ஸ்லாட்ல இன்னொண்ணு ஒக்காரவே ஒக்காராது. லேப்டாப் ஸ்டிக்ல டிடிஆர்3க்கு 204 பின், டிடிஆர்4க்கு 260 பின், அகலமே 2 மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்கும், அதனால அங்க ஏமாற வாய்ப்பு கம்மி. ஏமாத்துறது டிடிஆர்3யும் டிடிஆர்3எல்லும் தான். ரெண்டும் அதே 204 பின், அதே எடத்துல வெட்டு, பக்கத்துல பக்கத்துல வெச்சா வித்தியாசமே தெரியாது. டிடிஆர்3 ஓடுறது 1.5 வோல்ட்ல, எல் போட்டது 1.35 வோல்ட்ல. ஹாஸ்வெல்னு சொல்ற 4வது ஜெனரேஷன் லேப்டாப்புக்கெல்லாம் 1.35 தான், என்னோடது அதுல ஒண்ணு. 1.5 ஸ்டிக் ஸ்லாட்ல அழகா க்ளிக்குனு ஒக்காந்துக்கும், பவர் பட்டன அமுக்குனா பீப் பீப்னு கத்திட்டு நிக்கும். தலைகீழா பாத்தா பிரச்சன இல்ல, எல் ஸ்டிக் 1.5லயும் ஓடுற மாதிரி தான் செஞ்சிருக்காங்க, அதனால 3வது ஜெனரேஷன் ஐவி பிரிட்ஜ் மெஷின்ல எல் போட்டாலும் ஓடும். சந்தேகம்னா எல்லே வாங்கிடுங்க, முடிஞ்சுது.

சென்னைல எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கற ரிட்சி ஸ்ட்ரீட்ல இத சொல்லி புரிய வைக்கிறது இருக்கே. நண்பனோட லேப்டாப்புக்கு பழைய ஸ்டிக் ஒண்ணு வேணும்னு ஒரு சின்ன கடைல கேட்டோம், மவுன்ட் ரோட்ல இருந்து உள்ள திரும்பி ஒரு சந்துக்குள்ள இருக்கற கடை. கடைக்காரர் ட்ராயர தொறந்தா பல்லி மிட்டாய் கொட்டி வெச்ச மாதிரி ஸ்டிக்குங்க, ஆன்டி ஸ்டேட்டிக் கவரும் கெடையாது ஒரு மண்ணும் கெடையாது.

"டிடிஆர்3 தான சார், எல்லாம் ஒண்ணுதான், போட்டா ஓடும்."

"அண்ணே, எல் இருக்கணும். ஸ்டிக்கர பாத்து எடுங்க."

"எல்லாமே எல் தான் சார்."

எடுத்து நீட்டுனாரு, ஸ்டிக்கர்ல பிசி3-12800எஸ்னு இருக்கு. 3க்கு அப்புறம் எல் இல்ல. அத காட்டுனதும் "ஓ நீங்க அத கேக்கறீங்களா"ன்னு இன்னொரு டப்பாவ தொறந்தாரு, கோவப்படாம, அதுக்கு அவருக்கு ஒரு மார்க் போடலாம். அதுல ஒரு சாம்சங் ஸ்டிக் வந்துச்சு, ஸ்டிக்கர்ல 8ஜிபி 2ஆர்எக்ஸ்8 பிசி3எல்-12800எஸ், கீழ பார்ட் நம்பர் ஒய்கே0ல முடியுது. இந்த கடைசி துண்டு ரொம்ப உபயோகமானது, சாம்சங்ல 1600 ஸ்பீடு ஸ்டிக்ல ஒய்கே0ன்னா 1.35 வோல்ட், சிகே0ன்னா 1.5. மேல எழுத்து தேஞ்சு போயிருந்தாலும் இது தெரிஞ்சா போதும்.

அந்த 12800ங்கறது பெருசா ஒண்ணுமில்ல, 1600ஐ 8ஆல பெருக்குனா வர்றது, ஒரு செகண்டுக்கு இத்தன எம்பி. 10600ன்னு இருந்தா 1333 ஸ்பீடு. வேற வேற ஸ்பீட கலந்து போட்டா ரெண்டும் கம்மியான ஸ்பீட்ல ஓடும், அதனால மெஷின் ஒண்ணும் ஆகிடாது.

இப்ப 2ஆர்எக்ஸ்8க்கு வரேன், ஏன்னா நண்பன் மாட்டுனது இங்க தான், எல்லும் சரி 1600ம் சரி 1.35ம் சரி ஆனாலும் ஓடல. அவனுது டெல் லாட்டிட்யூட் ஈ6440, அதுவும் ஹாஸ்வெல். ஆன்லைன்ல பேரு கேள்விப்படாத ஒரு கம்பெனி ஸ்டிக், விலை கம்மின்னு ஆர்டர் போட்டுட்டான். வந்துது, போட்டா கறுப்பு ஸ்க்ரீன். ஸ்லாட் மாத்தி போட்டான், தனியா போட்டான், கோல்டு பின்ன ரப்பர் வெச்சு தேச்சான், ஒண்ணும் நடக்கல. வெளிய எடுத்து திருப்பி பாத்தா தான் விஷயம் தெரியுது, ஒரு பக்கம் 8 சிப் வரிசையா இருக்கு, மறுபக்கம் மொட்டை.

கணக்கு இதான். 8ஜிபிய ரெண்டு விதமா கட்டலாம். ஒரு சிப் 4 ஜிகாபிட்னா அது 512எம்பி, அப்போ 8ஜிபிக்கு 16 சிப் வேணும், பக்கத்துக்கு 8, இத தான் 2ஆர்எக்ஸ்8னு போடறாங்க. ஒரு சிப் 8 ஜிகாபிட்னா ஒண்ணு 1ஜிபி, 8 சிப் போதும், ஒரு பக்கத்தோட முடிஞ்சுது, அது 1ஆர்எக்ஸ்8. ஹாஸ்வெல்ல இருக்கற மெமரி கன்ட்ரோலருக்கு டிடிஆர்3ல 4 ஜிகாபிட் சிப் வரைக்கும் தான் பேச தெரியும், 8 ஜிகாபிட் சிப்ப அது எப்படி நடத்தறதுன்னே அதுக்கு தெரியாது, நம்ம என்ன பயாஸ் அப்டேட் போட்டாலும் தெரியாது. அடுத்த ஜெனரேஷன் ப்ராட்வெல்ல இருந்து தான் அது சரியாச்சு. அதே ஸ்டிக்க நண்பனோட அண்ணன் வெச்சிருந்த திங்க்பேட் எக்ஸ்250ல போட்டோம், அது 5வது ஜெனரேஷன், உடனே பூட் ஆகி 8ஜிபி காட்டுச்சு. ஸ்டிக் நல்ல ஸ்டிக் தான், ஆனா விக்கிற பக்கத்துல "எல்லா டிடிஆர்3எல் லேப்டாப்புக்கும்"னு போட்டிருந்தான் பாருங்க, அங்க தான் கோவம் வருது. ரிட்டர்ன் டேட் வேற முடிஞ்சு போச்சு. அந்த அண்ணன் தலைல கட்டிட்டு வந்துட்டோம்.

இதே கணக்கு தான் "என் லேப்டாப்ல எவ்ளோ வரைக்கும் போடலாம்"ங்கற கேள்விக்கும். இன்டெல் சைட்ல ஐ5-4300எம்-னு தேடுனா மேக்ஸிமம் மெமரி 32ஜிபின்னு இருக்கும், அத பாத்துட்டு 16ஜிபி ஸ்டிக் ரெண்டு வாங்க கெளம்பறவங்க இருக்காங்க. 32ங்கறது ப்ராசஸருக்கு, 4 ஸ்லாட் வெச்ச போர்டுல தான் அது நெரம்பும். டி440பி-ல ஸ்லாட் 2, ஒரு ஸ்லாட்டுக்கு 8ஜிபி தான் தாங்கும், ஆக 16. டிடிஆர்3எல்ல 16ஜிபி ஸ்டிக்னு ஒண்ணு இருக்கு, ஆனா அதுவும் 8 ஜிகாபிட் சிப் தான், ஹாஸ்வெல்ல ஓடாது.

க்ரூஷியலுக்கு அரை மார்க் கொறைச்சது இதுக்கு தான். ஸ்டிக்கர்ல 8ஜிபி, டிடிஆர்3எல், 1600, 1.35 வோல்ட், சிஎல்11 (ரேம் பதில் குடுக்க எடுத்துக்கற தாமதத்தோட கணக்கு) எல்லாம் இருக்கு, முக்கியமான 1ஆரா 2ஆராங்கறது இல்ல. நான் வாங்குன ரெண்டுலயும் ரெண்டு பக்கமும் 8 சிப் இருந்துச்சு, ஆனா அத கவர் வழியா எண்ணி தான் தெரிஞ்சுக்க வேண்டியிருந்துச்சு. பழைய மெஷினுக்குனே விக்கிற பொருள், அந்த ஒரு எழுத்த போட்டா என்ன கொறைஞ்சா போயிடும். சாம்சங், ஹைனிக்ஸ் ஸ்டிக்ல இது தெளிவா ஸ்டிக்கர்லயே இருக்கும்.

கிங்ஸ்டன்ல பார்ட் நம்பரே பாதி கதைய சொல்லிடும். கேவிஆர்16எல்எஸ்11/8ன்னு எடுத்துக்கங்க, கேவிஆர்ங்கறது வேல்யூரேம், 16ன்னா 1600, எல்லுன்னா 1.35 வோல்ட், எஸ்ஸுன்னா லேப்டாப் சைஸ், 11 சிஎல், கடைசில 8ஜிபி. நடுவுல எல் இல்லாம கேவிஆர்16எஸ்11ன்னு இருந்தா அது 1.5. ஒரு எழுத்து தான் வித்தியாசம், செர்ச் ரிசல்ட்ல ரெண்டும் அடுத்தடுத்து வரும், கண்ணு வெச்சு பாருங்க. இந்த கிங்ஸ்டன் ஸ்டிக்கும் டி440பி-க்கு நல்ல சாய்ஸ், க்ரூஷியலா கிங்ஸ்டனாங்கற சண்டைல எனக்கு ஆர்வமே இல்ல, அன்னிக்கு எது கம்மியோ அது.

கேமிங் ரேம்னு கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டி 2133னு போட்டு விக்கிறத இந்த மாதிரி மெஷினுக்கு வாங்காதீங்க. இந்த ப்ராசஸர் அபிஷியலா 1600 வரைக்கும் தான், எக்ஸ்ட்ரா காசு ஸ்டிக்கருக்கு தான் போகும்.

வாங்கறதுக்கு முன்னாடி உள்ள என்ன இருக்குன்னு பாக்கறது ஒண்ணும் கஷ்டம் இல்ல. விண்டோஸ்ல டாஸ்க் மேனேஜர்ல மெமரிய தட்டுனா ஸ்பீடு என்ன, 2 ஸ்லாட்ல எத்தன நெரம்பியிருக்குன்னு காட்டும். சிபியு-இசட்ங்கற ஃப்ரீ சாஃப்ட்வேர்ல எஸ்பிடி டேப்ல ஸ்டிக்கோட பார்ட் நம்பரே வந்துடும், அத அப்படியே தேடுனா வோல்டேஜ் தெரிஞ்சுடும். லினக்ஸ்ல டெர்மினல்ல டிஎம்ஐடிகோட் கமாண்ட், மெமரிக்கு மட்டும் கேட்டா எல்லாம் கொட்டும், ஆனா அதுல வர்ற மேக்ஸிமம் கெப்பாசிட்டிய அப்படியே நம்பாதீங்க, பயாஸ் எழுதுனவன் என்ன போட்டானோ அது தான் வரும், பல மெஷின்ல தப்பு. எனக்கு புடிச்ச வழி இன்னும் ஈஸி. இருக்கற ஸ்டிக்க கழட்டி ஸ்டிக்கர ஃபோட்டோ எடுத்துட்டு கடைக்கு போங்க, இதே மாதிரி வேணும்னு காட்டுங்க. பேச்சே மிச்சம்.

6வது ஜெனரேஷன் லேப்டாப் வெச்சிருக்கவங்க இத கண்டிப்பா செய்யணும், ஏன்னா ஸ்கைலேக் டிடிஆர்3எல், டிடிஆர்4 ரெண்டையும் எடுக்கும், ஒரே ப்ராசஸர் போட்ட ரெண்டு லேப்டாப்ல ஒண்ணுல அதுவும் இன்னொண்ணுல இதுவும் இருக்கும். ஜெனரேஷன் சொன்னா போதும்னு கடைக்காரர் சொன்னாலும் விடாதீங்க. டிடிஆர்4ன்னு உறுதியாயிட்டா அங்க தலைவலி ரொம்ப கம்மி, 3200 ஸ்டிக்க 2400 மெஷின்ல போட்டா எறங்கி ஓடிக்கும்.

ஸ்லாட் ஒண்ணே ஒண்ணு இருக்கற, இல்ல ஸ்லாட்டே இல்லாத லேப்டாப்புகளும் இருக்கு. டி440பி-யோட தம்பி டி440எஸ்-ல 4ஜிபிய கழட்ட முடியாதபடி போர்டுலயே சால்டர் பண்ணி பத்த வெச்சுட்டான், மேல ஒரு ஸ்லாட், அதிகபட்சம் 12. எக்ஸ்240க்கு மொத்தமே ஒரு ஸ்லாட். மேக்புக் ஏர்னா கழட்டவே வேணாம், எல்லாம் பத்த வெச்சது தான், 2012 மேக்புக் ப்ரோ 13 இஞ்ச்ல ரெட்டினா இல்லாத மாடல்ல மட்டும் 16 வரைக்கும் ஏத்தலாம். பேர்ல ஒரு எழுத்து மாறுனா உள்ள எல்லாமே மாறுது, அதனால அடில ஒட்டியிருக்கற முழு மாடல் பேர பாத்துக்கங்க.

மாட்டுறது அஞ்சு நிமிஷ வேல. டி440பி அந்த விஷயத்துல தங்கம், அடில ஒரு பெரிய கதவு, 2 ஸ்க்ரூ, அது கையோட கழண்டு தொலையாது கதவோடயே நிக்கும். மொதல்ல சார்ஜர புடுங்கி பேட்டரிய கழட்டிட்டு பவர் பட்டன கொஞ்ச நேரம் அமுக்கி புடிங்க, மிச்ச கரன்ட் எறங்கட்டும். பழைய ஸ்டிக்கோட ரெண்டு பக்க க்ளிப்ப வெளிப்பக்கம் வெலக்குனா ஸ்டிக் தானா எழுந்து நிக்கும். புதுச சாச்சு வெச்சு, கோல்டு பின் கண்ணுக்கு தெரியாத அளவுக்கு உள்ள தள்ளி, அப்புறம் தான் கீழ அமுக்கணும், க்ளிக்குனு சத்தம் வரணும். தள்ளாமலே அமுக்கிட்டு ரேம் செத்துடுச்சுன்னு சொல்றவங்க தான் அதிகம். மொத பூட் கொஞ்சம் லேட் ஆகும், ஸ்க்ரீன் வரலன்னு பயந்து உடனே ஆஃப் பண்ணிடாதீங்க.

ஒரே ஸ்டிக்கா ரெண்டா? ரெண்டு. ரெண்டு ஸ்லாட்லயும் ஒரே அளவு போட்டா ட்யூயல் சேனல், செகண்டுக்கு 12.8ஜிபி போற பாதை 25.6 ஆகுது. தனி கிராபிக்ஸ் கார்ட் இல்லாத மெஷின்ல கிராபிக்ஸும் இந்த ரேமயே தான் திங்குது, அதனால வீடியோ, கேம்ல வித்தியாசம் நல்லாவே தெரியும். காசு இல்லன்னா இருக்கற 4ஓட 8 ஒண்ணு சேத்து 12ஆ ஓட்டலாம், 4க்கு 4 ட்யூயலா ஓடும், மிச்சம் சிங்கிளா ஓடும், மோசம் ஒண்ணுமில்ல.

எனக்கு இப்ப எப்படி இருக்குன்னா, ஃபயர்ஃபாக்ஸ்ல டேப்ப எண்ணுறத விட்டுட்டேன், மீட்டிங்ல ஸ்க்ரீன் ஷேர் பண்ணும்போது மெஷின் மூச்சு திணறல, விர்ச்சுவல் மெஷின்ல (லினக்ஸுக்குள்ளயே ஓடற இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி) ஒரு விண்டோஸ்க்கு 6ஜிபி ஒதுக்கிட்டு இந்த பக்கம் வேலையும் பாக்க முடியுது. ப்ராசஸர் வேகம் அதே தான், வீடியோ எடிட் பண்ணி எக்ஸ்போர்ட் போட்டா முன்னாடி எவ்ளோ நேரமோ அவ்ளோ நேரம் தான், ரேம் அங்க ஒண்ணும் பண்ணாது.

விலைய நான் எழுதல, எழுதுனா அடுத்த வாரமே பொய்யாயிடும். ஏஐ டேட்டா சென்டர்காரங்க மெமரிய அள்ளிட்டு போறதுல 2025 கடைசில இருந்து ரேம் விலை எகிறி கெடக்கு. க்ரூஷியல் பிராண்ட வெச்சிருக்கற மைக்ரானே 2025 டிசம்பர்ல கடைல விக்கிற யாவாரத்த விட்டு வெளிய வர்றோம், 2026 பிப்ரவரி வரைக்கும் தான் அனுப்புவோம்னு அறிவிச்சுட்டாங்க, வித்த பொருளுக்கு வாரன்ட்டி தொடரும்னு சொல்லியிருக்காங்க. அதனால கடைல இருக்கற ஸ்டாக் தான், கெடைச்சா பேக்கிங் பிரியாம இருக்கான்னு பாத்து வாங்குங்க. கெடைக்கலன்னா வேற லேப்டாப்ல இருந்து கழட்டுன சாம்சங், ஹைனிக்ஸ் ஸ்டிக் தாராளமா வாங்கலாம், நண்பனோட லாட்டிட்யூட்ல இப்ப அந்த ஒய்கே0 தான் ஓடுது, புது ஸ்டிக் விலைல பாதிக்கு கொஞ்சம் மேல ஆச்சு. பேர் தெரியாத கம்பெனி புதுச விட பேர் தெரிஞ்ச பழசு மேல்ங்கறது என் கட்சி.

பழசு வாங்குனா கடைலயே லேப்டாப்ப தொறந்து போட்டு பூட் பண்ணி காட்ட சொல்லுங்க, வீட்டுக்கு போய் மெம்டெஸ்ட்ல எரர் வந்தா எத்தன நாளுக்குள்ள மாத்திக் குடுப்பாங்கன்னு காசு குடுக்கற முன்னாடியே கேளுங்க. பில்லுல "8ஜிபி ரேம்"னு மட்டும் கிறுக்கி குடுப்பாங்க, பார்ட் நம்பரையும் எழுத சொல்லுங்க, மொகத்த சுளிப்பாங்க, பரவால்ல எழுதி வாங்குங்க. ஞாயித்துக்கெழம போகாதீங்க, ரிட்சி ஸ்ட்ரீட்ல பாதி ஷட்டர் சாத்தியிருக்கும்.